கப்ளரில் ஒரு வயரை மட்டும் கழற்ற: கைச்சரக்கா, எக்ஸ்ட்ராக்டரா, வெட்டி இணைப்பதா?

வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்தான் கப்ளர்; அதற்குள் ஒவ்வொரு வயர் நுனியிலும் இருக்கும் உலோக முனைதான் டெர்மினல். அதைக் கழற்ற மூன்று வழி: கையில் கிடைக்கும் பொருளில் நாமே செய்த கருவி (கைச்சரக்கு), இதற்கென்றே கடையில் விற்கும் எக்ஸ்ட்ராக்டர், வயரை வெட்டித் திரும்ப இணைப்பது. எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். டார்ச் அடித்து, கப்ளர் இன்னொரு கப்ளரோடு சேரும் முகத்தைப் பாருங்கள். டெர்மினலின் பித்தளை நாக்கு பிளாஸ்டிக் படியில் மாட்டியிருக்கிறதா, பிளாஸ்டிக் விரல் டெர்மினலைப் பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், வயர் நிற வரிசையைப் போட்டோ எடுங்கள். பிறகு வயரை இழுக்காமல் உள்ளே அழுத்துங்கள். நாக்கின் மேல் இருக்கும் இறுக்கம் அப்போதுதான் விடும். இழுத்துக்கொண்டே குத்தினால் எந்தக் கருவியும் வேலை செய்யாது.

பைக், ஆட்டோக்களில் இருக்கும் 6.3 மி.மீ. தட்டை டெர்மினலுக்குக் கைச்சரக்கே போதும். 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைச் சுத்தியலால் மெல்லிசாகத் தட்டி, அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். அதை நாக்கு இருக்கும் பக்கமாக விட்டு அமுக்கினால் டெர்மினல் வழுக்கி வரும். ஆன்லைனில் சாவிக்கொத்து போல விற்கும் மலிவு எக்ஸ்ட்ராக்டர் செட் இங்கே இதைவிடப் பெரிதாக எதுவும் செய்யாது. நுனி சீக்கிரம் வளையும்.

கம்பியை டெர்மினலின் வாய்க்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். வாய் விரிந்தால் எதிர்ப் பின்னைத் தளர்வாகப் பிடிக்கும். தளர்ந்த இடத்தில் மின்தடை ஏறி, சூடாகும். சார்ஜிங் லைன், ஹெட்லைட் போல அதிக ஆம்பியர் ஓடும் கப்ளர்கள் கருகிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். எனும் பவர் சப்ளை பெட்டியிலிருந்து வரும் 24 பின் கனெக்டரில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் எதிரெதிரே இரண்டு நாக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் மடங்க வேண்டும். 24/6 ஸ்டேப்ளர் பின் இரண்டை நிமிர்த்தி இருபுறமும் விட்டால் வந்துவிடும். ஆனால் ஒரு பின் வளைந்தால் அந்தப் பக்கம் பூட்டியே இருக்கும், திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். ஓரிரு வயருக்கு ஸ்டேப்ளர் பின் சரி. முழு கனெக்டரையும் பிரிப்பவர் இரட்டை முள் எக்ஸ்ட்ராக்டர் வாங்குவது நல்லது. பழைய ஹார்ட் டிஸ்க் பவர் கனெக்டரின் உருண்டைப் பின்னுக்கு, அதைச் சுற்றி இறங்கும் குழாய் வேண்டும். பின்னின் விட்டம் 2.13 மி.மீ. பழைய ரேடியோ ஏரியலில் அதன்மேல் சரியாக இறங்கும் துண்டு கிடைத்தால் அதுவே எக்ஸ்ட்ராக்டர்.

இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் பக்கம் இருக்கும் நீர் புகாத கப்ளர்களில் கைச்சரக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பெரும்பாலும் இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும். வேறு நிறப் பிளாஸ்டிக் துண்டு. அதைத் திறக்காமல் டெர்மினல் அசையாது. அடுத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விரலை இம்மியளவு தூக்கினாலே போதும். அதிகம் நெம்பினால் ஒடியும்; ஒடிந்தால் டெர்மினல் நிற்காது, கப்ளரையே மாற்ற வேண்டும். பின்பக்கமாக ஊசி விட்டால் வயரைச் சுற்றியுள்ள சிலிக்கோன் சீல் கிழியும், தண்ணீர் இறங்கி டெர்மினலில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்த டெர்மினலுக்கென்றே வரும் எக்ஸ்ட்ராக்டருக்குச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

வெட்டி இணைப்பது சோம்பேறி வேலை என்று ஒதுக்கவும் முடியாது. பிளாஸ்டிக் உருகி டெர்மினலோடு ஒட்டியிருந்தால் வேறு வழியே இல்லை. கருகிய செம்பு போய்ப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். எல்லா வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் முன்பின்னாக வெட்டினால் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாது. கிரிம்ப் ஸ்லீவ் (இரண்டு வயரையும் உள்ளே விட்டு நசுக்கும் உலோகக் குழாய்) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) ஏற்றுங்கள். வெறும் சால்டரிங்கில் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும். வெறும் இன்சுலேஷன் டேப் இன்ஜின் சூட்டில் பசை இளகிப் பிரிந்துவிடும்.

கழற்றிய டெர்மினலைத் திரும்பப் போடும் முன் மடங்கிய நாக்கை ஊசியால் மெல்ல நிமிர்த்துங்கள். பலமுறை மடக்கி நிமிர்த்திய நாக்கு ஒடியும், அப்போது புது டெர்மினல்தான். உள்ளே தள்ளும்போது ‘டிக்’ என்று கேட்க வேண்டும். பிறகு வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால், நாக்கு இன்னும் நிமிரவில்லை.