எம்டிஎஸ் 3.0 படிவத்தில் செயற்கைக் கால்: ஒரு டிக் போதாது

அமெரிக்காவில் மெடிக்கேர், மெடிக்கெய்ட் சான்று பெற்ற நர்சிங் ஹோம்களில் தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் எம்டிஎஸ் 3.0 (உடல்நிலையையும் செயல்திறனையும் பதியும் படிவம்) மதிப்பீடு நிரப்பியாக வேண்டும். செயற்கைக் கால் போட்டிருக்கும் ரெசிடென்டை இந்தப் படிவம் எப்படிப் பதிவு செய்கிறது என்று கேள்வி கேள்வியாகப் பார்த்தால், ஓரிடத்தில் ஏமாற்றம், இன்னோரிடத்தில் உண்மையிலேயே நல்ல வேலை.

ஏமாற்றம் ஜிஜி0120டி, அதாவது நடமாட உதவும் கருவிகள் பற்றிய ஜிஜி0120 கேள்வியின் டி விடை. 2023 செப்டம்பர் 30 வரை ஜி0600 என்று இருந்த கேள்வி, ஜி பிரிவே எடுக்கப்பட்டதும் அக்டோபர் 1 முதல் இங்கே வந்துவிட்டது. எண் மாறியதே தவிர உள்ளே இருப்பது பழையதுதான்: ஏ கைத்தடி அல்லது ஊன்றுகோல், பி வாக்கர், சி வீல்சேர், டி செயற்கைக் கை கால், இசட் எதுவும் இல்லை. கடந்த 7 நாளில் வழக்கமாகப் பயன்படுத்திய அத்தனைக்கும் டிக் போட வேண்டும். வீல்சேருக்குப் போட்டாயிற்று, கால் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பயன்படுத்தினால் இரண்டுக்கும் டிக் உண்டு.

காலையில் மாட்டி இரவுவரை நடப்பவருக்கும், சாப்பாட்டு அறைக்குப் போய்வர மட்டும் மாட்டுபவருக்கும் கிடைப்பது அதே ஒரு டிக். பராமரிப்புத் திட்டம் எழுதுபவருக்கு இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதைவிடக் கெட்டது, போன மதிப்பீட்டில் இருந்த டிக்கை அப்படியே இழுத்துவருவது. நேரே அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். காலில் மாட்டிய ஷூவின் மேல் தூசி படிந்து, லைனர் (தோல்மேல் போடும் மெத்தென்ற கவசம்) உறை பிரிக்காமல் மூலையில் கிடந்தால், அந்த 7 நாளில் அது பயன்படவில்லை என்று அர்த்தம். காலையில் உடுத்திவிடும் எய்டிடம் (நர்சுக்கு உதவும் பணியாளர்) ஒரு வார்த்தை கேட்டால் உறுதியாகிவிடும். அப்போது டிக் கிடையாது.

ஏன் மாட்டவில்லை என்று படிவம் கேட்பதே இல்லை. பெரும்பாலும் காரணம் ஸ்டம்பின் (கால் இழந்தபின் மிஞ்சிய பகுதி) அளவு மாறுவதுதான். எடை குறைந்தாலும் ஸ்டம்ப் சுருங்கும், சாக்கெட் (செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் குழிப்பகுதி) தொளதொளக்கும். டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரே நாளுக்குள் வீக்கம் ஏறி இறங்கும். ஆகவே நர்சிங் குறிப்பில் மூன்றையாவது தனியாக எழுதியே தீர வேண்டும்: தினம் எத்தனை மணி நேரம் போட்டார், ஸ்டம்பில் எத்தனை ப்ளை (தடிமன் அளவு) சாக்ஸ் போட்டார், கழற்றியபின் தோல் எப்படி இருந்தது. கழற்றி 10, 15 நிமிடம் ஆகியும் சிவப்பு மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். சாக்ஸ் கூடிக்கொண்டே போனால் சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லி பிராஸ்தடிஸ்டுக்கு (செயற்கை உறுப்பு செய்து பொருத்துபவர்) தகவல் போக வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்றியவரின் நோய்ப் பட்டியலில் ‘பிராஸ்தசிஸ்’ என்று பார்த்ததும் டியில் டிக் போடுவதும் தவறு. இழந்த கை காலுக்குப் பதிலாக இருப்பது மட்டும்தான் இங்கே கணக்கு. பாதத்துக்குத் தாங்கலாகப் போடும் பிரேஸும் இதில் வராது.

நல்ல வேலை என்று சொன்னது ஜிஜி0130ஜி, இடுப்புக்குக் கீழ் உடை உடுத்துதல். செயற்கைக் கால், ஸ்டம்ப் சாக்ஸ், ஷ்ரிங்கர் (ஸ்டம்பை இறுக்கும் உறை) எல்லாவற்றையும் உடையாகவே எண்ணச் சொல்கிறது ஆர்ஏஐ கையேடு (எம்டிஎஸ் நிரப்புவதற்கான வழிகாட்டி). இது மிகச் சரியான முடிவு. ஒருவர் பேண்டைத் தானே ஏற்றிக்கொள்கிறார், ஆனால் லைனரை உருட்டி ஏற்றி, 3 ப்ளை சாக்ஸின் சுருக்கத்தை நீவி, லைனரின் பூட்டுப் பின் (pin) ‘டிக் டிக்’ என்று பூட்டும்வரை காலை அழுத்திப் பிடிப்பது எய்ட் என்று வையுங்கள். பேண்டை மட்டும் பார்த்து 06 (உதவியே இல்லாமல் தானே செய்கிறார்) போட்டால் அது பொய்ப் பதிவு. மொத்த உழைப்பில் பாதிக்குக் குறைவாக எய்ட் செய்தால் 03, பாதிக்கு மேல் செய்தால் 02. அலமாரியிலிருந்து காலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் 05. பக்கத்தில் நின்று ‘சாக்ஸை இன்னும் மேலே இழுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் 04. கருவியைப் பயன்படுத்துகிறார் என்பதற்காக மதிப்பெண் குறையாது, அதுவும் நியாயம்.

காலணிக்கான ஜிஜி0130எச் கொஞ்சம் குழப்பும். ஒரு கால் மட்டும் இழந்தவர் நல்ல காலுக்கு மட்டும் காலணி மாட்டினால் அதற்கு வேண்டிய உதவியை வைத்து எண் போடலாம். இரண்டுக்கும் மாட்டினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு காலும் இழந்தவருக்கு ஷூ செயற்கைக் காலிலேயே நிரந்தரமாக இருந்தால், மாட்டும் வேலையே நடக்காது. இப்போதைய நோய்க்கு முன்பு அவர் அதைச் செய்துவந்திருந்தால் 88 (உடல்நிலையால் முயலவில்லை), செய்யாதவர் என்றால் 09 (பொருந்தாது).

அடுத்த கேள்வி ஓ0500 (ஐ): செயற்கை உறுப்புப் பராமரிப்புக்கான மறுசீரமைப்பு நர்சிங், அதாவது தானே செய்யும் திறனைக் கூட்டவோ தக்கவைக்கவோ தரும் நர்சிங். மாட்டக் கற்றுக்கொடுப்பது, கழுவித் துடைப்பது, ஸ்டம்ப் சுத்தம் எல்லாம் இதில் சேரும். ஒரு நாளில் மொத்தம் 15 நிமிடம் ஆனால்தான் அந்த நாள் கணக்கில் வரும். காலை 8, மாலை 7 என்று பிரித்துக் கூட்டலாம். ஆனால் உடை உடுத்த 8 நிமிடம், கால் பராமரிப்பு 7 நிமிடம் என்று இரண்டு வேலையைக் கூட்டக் கூடாது. திட்டத்தில் அளக்கக்கூடிய இலக்கும் இருக்க வேண்டும். ‘செயற்கைக் கால் பராமரிப்பு தருக’ என்ற வரி இலக்கே அல்ல. செயற்கைக் கண்ணின் குழியைச் சுத்தம் செய்வதும் இதே எண்ணில்தான் வரும், பல்செட் வராது.

கடைசியாக உயரம், கே0200ஏ. இரண்டு காலும் இழந்தவருக்கு இப்போது இருக்கும் உயரத்தையே அளந்து எழுத வேண்டும். பழைய கேஸ் ஷீட்டில் இருக்கும் எண்ணை எடுத்துப் போடக் கூடாது.