ஹிரோஹிட்டோவின் வானொலி உரையை வகுப்பில் எப்படி நடத்தலாம்?

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் ஹிரோஷிமா, நாகசாகி வரை விரிவாகப் போய்விட்டு, 'அதன் பிறகு ஜப்பான் சரணடைந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில், அந்த முடிவை மக்களுக்குச் சொல்லும் பேரரசர் ஹிரோஹிட்டோவின் உரை ஜப்பான் வானொலியில் ஒலிபரப்பானது. மொத்தமே நாலரை நிமிடம்தான். அதை வகுப்புக்குக் கொண்டுவர நான்கு வழிகள் தெரிகின்றன: ஒலிப்பதிவு, உரையின் மொழிபெயர்ப்பு, அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அறிவிப்போடு ஒப்பிடுவது, இரண்டு நாள் கழித்துப் படைகளுக்குப் பேரரசர் விடுத்த ஆணையோடு ஒப்பிடுவது.

ஒலிப்பதிவு மாணவர்களைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். 2015இல் தெளிவான பதிவும் வெளியாகிவிட்டது. ஜப்பானிய மொழி புரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. அன்று கேட்ட ஜப்பானியர் பலருக்கே அந்த அரசவை நடை புரியவில்லை, வானொலியும் கரகரத்தது. அறிவிப்பாளர் உரையை மறுபடி வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. பேரரசரின் குரலைப் பொதுமக்கள் கேட்டதே அதுதான் முதல் தடவை. ஆனால் இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. ஆகஸ்ட் 14 இரவு இசைத்தட்டில் பதிந்தது, சரணடைவதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த இளம் ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து தட்டைத் தேடியது, தோகுகாவா யோஷிஹிரோ என்ற அரண்மனை அதிகாரி அதை ஒரு சின்னப் பெட்டகத்தில் ஒளித்துவைத்தது என்று கதை சுவையாகப் போகும். அதோடு மணியும் அடித்துவிடும். உரையில் என்ன இருந்தது என்பது விட்டுப்போகும்.

மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்தால் வேலை நிதானமாக நடக்கும். போர் நிலவரம் அவ்வளவு சாதகமாகத் திரும்பவில்லை என்கிறார் பேரரசர். எதிரி கொடூரமான புதிய குண்டைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டான் என்கிறார். போர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நடந்ததாகவும் சொல்கிறார். இந்த இடத்தில் மாணவர்களை நிறுத்த வேண்டும். சீனாவுடன் முழு அளவிலான போர் 1937இலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டுகள் கணக்கில் எங்கே போயின? கிழக்காசியாவின் விடுதலைக்காக ஒத்துழைத்த நாடுகளிடம் வருத்தம் தெரிவிக்கும் வரியும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான் ராணுவத்தால் கொண்டுபோகப்பட்டு ஆயிரக்கணக்கில் மாண்ட தமிழர்களை வைத்து அந்த வரியைப் படித்தால், 'விடுதலை' என்ற பேச்சு எவ்வளவு பெரிய அநியாயம் என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

ட்ரூமன் அறிவிப்போடு ஒப்பிடுவது எளிது. வாஷிங்டனில் ஆகஸ்ட் 14 மாலை 7 மணிக்கு, நிபந்தனையற்ற சரணடைதல் என்று அவர் பளிச்சென்று சொல்லிவிட்டார். ஜப்பானில் அப்போது 15ஆம் தேதி காலை 8 மணி. ஹிரோஹிட்டோவோ நான்கு மணி நேரம் கழித்து ஒலித்த உரையில் ஜப்பானைச் சரணடையச் சொன்ன நான்கு எதிரி நாடுகளின் கூட்டறிக்கையை (போட்ஸ்டாம் அறிவிப்பு) ஏற்பதாக மட்டுமே சொல்கிறார். இது நல்ல பயிற்சிதான். ஆனால் வென்றவர் ஒரு மாதிரி பேசுவார், தோற்றவர் வேறு மாதிரி பேசுவார் என்பதைத் தாண்டி அதிகம் கிடைக்காது.

என் ஓட்டு நான்காவது வழிக்கு. ஆகஸ்ட் 17 அன்று படைவீரர்களுக்கு அதே பேரரசர் பெயரில் ஓர் ஆணை வந்தது. அதில் சோவியத் ஒன்றியம் போரில் இறங்கியதைக் காரணமாகச் சொல்கிறார். அணுகுண்டைப் பற்றி மூச்சே இல்லை. மக்களுக்கான உரையில் குண்டு இருக்கிறது, சோவியத் படையெடுப்பு இல்லை. பேசியவர் ஒருவரே, இடைவெளியும் இரண்டே நாள், காரணம் மட்டும் வேறு. ஜப்பானைப் பணியவைத்தது குண்டா, சோவியத்தா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவரும் இந்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் கலந்துகொள்ளலாம். ஒரு சான்றை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

சரி, ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது என்றால்? ஒலிப்பதிவில் முதல் ஒரு நிமிடம் போதும். அப்புறம் இரண்டு தாள்களையும் கொடுத்து, காரணம் சொல்லும் வரிகளை மாணவர்களையே அடிக்கோடிடச் சொல்லலாம். இசைத்தட்டுக் கதையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.