மெஷின் நல்ல மெஷின், கடைக்காரருக்குத்தான் புளோரைடு தெரியவில்லை

தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்றுதான் தர்மபுரியில் ஒரு கடையில் ஆர்ஓ மெஷின் வாங்கினோம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் கவலையில்லை, வராத நாளில் போர் தண்ணீர்தான். அதைக் குடித்து வளர்ந்த எங்கள் செட்டில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை, தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு என்ற உப்பின் வேலை.

கடையில் முதலில் ஒரு வேடிக்கை காட்டினார்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தால் போர் தண்ணீர் செம்மண் குழம்பாகிறது, ஆர்ஓ தண்ணீர் தெளிவாக இருக்கிறது, "பாருங்கக்கா, இதைத்தான் குடிக்கிறீங்க" என்றார். அந்தக் குழம்பு கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து வருவது. நான் கேட்டது புளோரைடு. அவர் டிடிஎஸ் மீட்டரை நீட்டினார். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், அதில் புளோரைடு எவ்வளவு என்று சொல்லாது.

இது சும்மா பல் விஷயம் இல்லை, அதனால்தான் இவ்வளவு நச்சரித்தேன். தாய் குடிக்கும் புளோரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. டெல்லியில் டாக்டர் ஏ.கே.சுசீலா குழுவினர் கர்ப்பிணிகளுக்குப் புளோரைடு குறைந்த தண்ணீர் கொடுத்து, சாப்பாட்டையும் மாற்றிப் பார்த்ததில் ரத்தசோகை குறைந்தது, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தார்கள்; 2010இல் கட்டுரையாகவே வந்தது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் ஏறத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு இரண்டும் இதற்கு உதவாது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். மாட்டிய அன்றே ஊராட்சியில் தண்ணீர் பரிசோதிக்கும் அக்காவிடம் சொல்லி கிட் வைத்துப் பார்த்தோம். மருந்து விட்டதும் போர் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, அப்படியென்றால் புளோரைடு அதிகம். ஆர்ஓ தண்ணீர் ரோஸாக வர வேண்டும், வந்ததோ இரண்டும்கெட்டான் நிறம். பார்த்தால், தண்ணீர் சப்பென்று இருக்கும் என்று ஃபிட்டர் டிடிஎஸ் அட்ஜஸ்டரை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறார். மெம்பரேன் என்கிற வடிகட்டும் சவ்வு வழியே போகாத போர் தண்ணீரை நல்ல தண்ணீரில் கலந்துவிடும் திருகு அது. எதற்காகக் காசு கொட்டினோமோ அதுவே திரும்ப உள்ளே வருகிறது! போன் செய்தால் "டேஸ்டுக்குத்தான்கா" என்கிறார்கள். நாங்களே மூடினோம், மறுபடி பார்த்ததில் ரோஸ்.

ஆக மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிக்க மட்டுமில்லாமல் சோறு, களி, குழம்பு எல்லாவற்றுக்கும் அதையே பிடிக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் இன்னும் அது வீண் செலவு.

இந்தக் கடையிலேயே வாங்குவதென்றால் அட்ஜஸ்டரை மூடச் சொல்லிவிட்டு, கிட்டில் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கழிவுத் தண்ணீர் போகிற ட்யூபையும் கவனியுங்கள். வடிகட்டிய புளோரைடு முழுக்க அதில்தான் வருகிறது, எங்கள் ஃபிட்டர் அதை நேராக மாட்டுத் தொட்டியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மாட்டுக்கும் இதே புளோரைடு நோய் வரும். இப்போது அதைப் பாத்ரூம் பக்கம் திருப்பியிருக்கிறோம்.