ராபர்ட்சன் கோப்பையா, மெமோரியல் கோப்பையா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பெயர் தாங்கிய ஒன்டாரியோ ஹாக்கி லீகில் ஆடுபவர்கள் 16 முதல் 20 வயதுக்குட்பட்ட பையன்கள். ஐஸ் ஹாக்கியில் ஒரு சீசனுக்கு இரண்டு பெரிய கோப்பைகள் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. லீகை வென்றால் ஜே. ராஸ் ராபர்ட்சன் கோப்பை. அப்புறம், கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளின் சாம்பியன்கள் மோதும் மெமோரியல் கோப்பை. பேரும் புகழும் இரண்டாவதற்குத்தான். ஆனால் வெல்லக் கடினமானது முதலாவது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். லீக் சுற்றில் 68 ஆட்டங்கள். 20 அணிகளில் 16 மட்டும் பிளேஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியேறும் கட்டத்துக்கு, போகும். அங்கே நான்கு சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரணியை நான்கு முறை வீழ்த்த வேண்டும். ஆக, கோப்பைக்கு 16 வெற்றிகள். ஏழு ஆட்டத் தொடரில் ஒரு நாள் அதிர்ஷ்டத்தை வைத்துத் தப்பிக்க முடியாது. ஐந்தாவது ஆட்டத்துக்குள் உங்கள் பலவீனம் அத்தனையும் எதிரணிக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

மெமோரியலில் நான்கே அணிகள், பத்து நாள் போட்டி. நான்காவது இடம் போட்டியை நடத்தும் ஊரின் அணிக்கு. தன் லீகில் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. 1983இல் இந்த ஏற்பாடு வந்தது. அந்த வருடமே, நடத்திய போர்ட்லண்ட் அணி லீகை வெல்லாமல் கோப்பையைத் தூக்கியது.

இதில் அதிகம் அடிபட்டது ஒன்டாரியோ சாம்பியன்கள்தான். 2012இல் லண்டன் நைட்ஸ் (இது ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன்) மெமோரியல் இறுதி ஆட்டத்தில், போட்டியை நடத்திய ஷாவினிகனிடம் ஓவர்டைமில் தோற்றது. 2017இல் போட்டியை நடத்திய வின்ட்சர் லீகின் முதல் சுற்றிலேயே வெளியேறி, ஒன்றரை மாதம் பயிற்சி மட்டும் எடுத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தது. இறுதியில் லீக் சாம்பியன் ஈரியை 4-3 என்று முடித்துவிட்டது. 2022இல் லீக் சாம்பியன் ஹாமில்டனுக்கும் அதே கதி. அதை வீழ்த்திய, போட்டியை நடத்திய செயின்ட் ஜானும் தன் லீகில் முதல் சுற்றைத் தாண்டாத அணிதான்.

2024 இன்னும் கொடுமை. பிளேஆஃபில் சாகினாவை ஆட்டக் கணக்கில் 4-2 என்று வென்றுதான் லண்டன் ராபர்ட்சன் கோப்பையை எடுத்திருந்தது. மெமோரியல் இறுதியில் அதே சாகினா, அதன் சொந்த அரங்கில். 0-3 என்று பின்தங்கிய லண்டன் ஒவ்வொன்றாகப் போட்டு 3-3க்குக் கொண்டுவந்தது. ஆட்டம் முடிய 22 விநாடிகூட இல்லாத நேரத்தில் சாகினாவின் ஜாஷ் புளூம் கோல் அடித்தார், முடிந்தது. ஆறு ஆட்டங்களில் தீர்ந்த கணக்கை ஒரே ராத்திரியில் திருப்பி எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, பிறகு ஏன் மெமோரியலுக்கு இவ்வளவு மரியாதை? பேரிலேயே இருக்கிறது. கிங்ஸ்டன் ஊரின் ஜேம்ஸ் சதர்லண்ட் ஹாக்கி பயிற்சியாளர், முதல் உலகப்போருக்குப் போனவர். அவரிடம் ஆடிய ஸ்காட்டி டேவிட்சன் 1914இல் டொராண்டோவுக்குக் கேப்டனாக, பெரியவர்கள் ஹாக்கியின் உச்சமான ஸ்டான்லி கோப்பையை வென்றார். அடுத்த வருடம் போர்முனையில் இறந்துபோனார். அப்படிப் போன வீரர்களின் நினைவாக ஒரு கோப்பை வேண்டும் என்று சதர்லண்ட் சொல்ல, 1919இல் அது பிறந்தது. இன்றும் போட்டி தொடங்கும்போது ராணுவத்தினர்தான் கோப்பையை ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். அதைத் தூக்குபவர்களுக்கும் போருக்குப் போனவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ராபர்ட்சன் கோப்பைக்கு இப்படியொரு கதை இல்லை. ஒன்டாரியோ ஹாக்கி சங்கத் தலைவராக இருந்த பத்திரிகை அதிபர் 1910இல் கொடுத்தது. அவ்வளவுதான்.

அதனால் மெமோரியலை விட்டுவிடச் சொல்லமாட்டேன். நடத்தும் ஊருக்கு இலவச இடம் மட்டும் வேண்டாம். லீகின் அரையிறுதி வரையாவது வந்தால்தான் இடம் என்று வைக்கலாம். அப்படி வைத்திருந்தாலும் 2024இல் சாகினா உள்ளே வந்திருக்கும், அது நியாயம்தான். லண்டன் பதிலை ஐஸிலேயே சொன்னது: 2025இல் ராபர்ட்சன் கோப்பையை மறுபடி வென்று, ரிமோஸ்கி ஊரில் நடந்த இறுதியில் மெடிசின் ஹாட் அணியை 4-1 என்று வீழ்த்தி, மெமோரியலையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியது.