லவ், லைக், அடோர், ஃபாண்ட் ஆஃப்: எந்த வாக்கியத்துக்கு எது?

ஆங்கிலத்தில் பிரியத்தைச் சொல்ல நாம் புழங்குகிற சொற்கள் மூன்று நான்குதான்: லைக், லவ், எப்போதாவது அடோர், அப்புறம் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வரும் ஃபாண்ட் ஆஃப். அகராதியில் எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். பேசும்போது ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால், சில சமயம் வாக்கியம் நொண்டும், சில சமயம் பொருளே வேறாகிவிடும். உச்சரிப்புக்காக நாம் படுகிற கவலையில் பாதியாவது இதற்குப் பட வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் உச்சரிப்பு பிசகினால் எதிரில் இருப்பவர் எப்படியும் புரிந்துகொள்வார், இது பிசகினால் தவறாகப் புரிந்துகொள்வார்.

முதலில் லைக்கும் லவ்வும். நம் பேச்சில் 'லவ் பண்றான்' என்றால் காதல், வேறெதுவும் இல்லை. அந்தப் பழக்கத்தில், கூட வேலை செய்கிறவரிடம் "ஐ லவ் யுவர் சாரி" என்று சொல்லவே நமக்கு நாக்கு கூசுகிறது. ஆங்கிலத்தில் அது சாதாரணப் பாராட்டு. சூப்பு, மழை, ஒருவருடைய கையெழுத்து, அலுவலகத்தில் வந்த யோசனை எல்லாவற்றையும் தாராளமாக லவ் பண்ணலாம். பொருள்கள் விஷயத்தில் லைக் என்றால் பிடிக்கும், லவ் என்றால் ரொம்பப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆட்கள் என்று வரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. "ஐ லைக் மை பிரதர்" என்றால் அண்ணனோடு நன்றாக ஒத்துப்போகிறது, அவர் குணம் பிடிக்கும் என்று அர்த்தம். "ஐ லவ் மை பிரதர்" என்பது ரத்தபாசம். ஒருவரை லவ் பண்ணிக்கொண்டே லைக் பண்ணாமல் இருக்கலாம், எத்தனையோ குடும்பங்களில் நிலைமை அதுதான். அதனால் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளைக்கு "ஐ லவ் மை மதர்" என்றே சொல்லிக்கொடுங்கள். இன்னொன்று, பழைய ஆங்கிலத்தில் இந்த லைக் என்ற வினை 'எனக்குப் பிடிக்கும்' என்ற நம் அமைப்பில்தான் இருந்தது, பிடித்த பொருள்தான் எழுவாய். பிற்பாடுதான் அது தலைகீழாகி ஆள் எழுவாய் ஆனார்.

அடுத்தது லவ்வா, லவ்விங்கா என்ற சண்டை. நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "ஐ ஆம் லவ்விங் மை கன்ட்ரி", "ஹீ இஸ் லவ்விங் தட் கேர்ள்" என்றெல்லாம் வருவதற்குக் காரணம் 'லவ் பண்ணிட்டு இருக்கான்' என்ற நம் பேச்சு. ஆங்கிலத்தில் லவ் என்பது செயல் இல்லை, நிலை; நோ (தெரியும் என்கிற நோ), வான்ட், பிலாங் மாதிரி. நிலையைச் சொல்லும் வினைக்கு இங் போடுவதில்லை, எனவே "ஐ லவ் மை கன்ட்ரி". அப்படியானால் மெக்டொனால்ட்ஸ் 2003-ல் இருந்து "ஐ'ம் லவ்விங் இட்" என்று விளம்பரம் செய்கிறதே என்று கேட்பீர்கள். அதுவும் சரிதான். இப்போது நடந்துகொண்டிருக்கும் ஓர் அனுபவத்தை ரசிக்கிறேன் என்று சொல்ல, பேச்சு வழக்கில் அந்த இங் செல்லும். புது வேலை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் "ஐ'ம் லவ்விங் இட்" அழகான பதில். ஆள் மேல் உள்ள பாசத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

காதலைச் சொல்ல வேண்டுமானால் "ஹீ இஸ் இன் லவ் வித் ஹெர்". வித் தான் வரும், டு வராது, ஆன் வராது. காதலிக்கும் இருவரை "தே ஆர் லவ்வர்ஸ்" என்று அறிமுகம் செய்துவிடாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது படுக்கையறை உறவைத்தான் முதலில் நினைவூட்டும். "தே ஆர் எ கப்பிள்" போதும். 'புரொபோஸ் பண்ணினான்' என்பதும் இதே வகைதான். நமக்கு அது காதலைச் சொல்வது, அவர்களுக்கு என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்பது. நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள்!

வுட் சேர்ந்தால் இன்னொரு உலகம். விருந்தாளியிடம் "டூ யூ லைக் டீ?" என்று கேட்டால் அவருக்கு டீ பிடிக்குமா என்று விசாரிக்கிறீர்கள், "வுட் யூ லைக் டீ?" என்றால்தான் டீ போடட்டுமா என்று கேட்கிறீர்கள். காபிக் கடையிலும் அப்படியே: "ஐ லைக் காபி" என்று சொன்னால் அது உங்களைப் பற்றிய தகவல், "ஐ'ட் லைக் எ காபி" என்றால்தான் ஆர்டர் (ஐ'ட் என்பது ஐ வுட்டின் சுருக்கம்). அழைப்பை ஏற்க "ஐ'ட் லவ் டு" மாதிரி மனம் குளிரும் பதில் வேறில்லை, "ஐ வில் லவ் டு கம்" என்று நீட்ட வேண்டாம். அதே "ஐ'ட் லவ் டு"வுக்குப் பின்னால் ஒரு பட் வந்தால் அது மரியாதையான மறுப்பு என்று புரிந்துகொண்டு மேலே வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும், இதைத் தெரியாமல் நாம் பாசத்தில் மறுபடி மறுபடி கூப்பிட்டுச் சங்கடப்படுத்துவோம். நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன் என்பதற்கு "ஐ'ட் லவ் தட் யூ கம்" என்று அப்படியே வார்த்தை கோக்கக் கூடாது. "ஐ'ட் லவ் இட் இஃப் யூ கேம்".

பின்னால் வினை வந்தால் லவ், லைக் இரண்டும் இளகின மனசு: "ஐ லவ் குக்கிங்", "ஐ லவ் டு குக்" இரண்டும் சரி. வுட் வந்துவிட்டால் டு மட்டுமே. ஃபாண்ட் ஆஃப், என்ஜாய் இரண்டுக்கும் இங் தான், "ஐ என்ஜாய் டு குக்" தப்பு. அடோருக்கும் இங் போட்டால் வம்பில்லை.

அடோர் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிற சொல் என்பதால் அதோடு வெரி மச் ஒட்டாது, அழுத்தம் வேண்டுமானால் அப்சல்யூட்லி போடலாம். பேரக் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் பொருந்தும், மேலாளருக்கு வேண்டாம். ஃபாண்ட் ஆஃப் நிதானமான, நாள்பட்ட பிரியம். பழைய ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது "ஐ'ம் வெரி ஃபாண்ட் ஆஃப் ஹிம்" என்றால் மதிப்பும் பாசமும் சேர்ந்தே ஒலிக்கும். இந்த நாலில் நாம் அநியாயமாகக் கைவிட்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, டூ மச். "ஐ லவ் யூ டூ மச்" என்று நாம் ஆசையாகச் சொல்வது அவர்கள் காதில் 'தேவைக்கு மேல், பிரச்சினை வருகிற அளவுக்கு' என்று விழும். "சோ மச்" அல்லது "வெரி மச்" போடுங்கள், அதையும் வாக்கியத்தின் கடைசியில்: "ஐ லைக் வெரி மச் திஸ் பிளேஸ்" இல்லை, "ஐ லைக் திஸ் பிளேஸ் வெரி மச்". யாராவது "ஐ லவ் யூ" என்றால் பதிலுக்கு "ஐ டூ லவ் யூ" என்று சொல்லாதீர்கள், அது 'நானும்தான் வரிசையில் இருக்கிறேன்' என்பது போல் கேட்கும். "ஐ லவ் யூ டூ".