128 ஜி.பி. என்று விற்கப்படும் மியூசிக் பிளேயர்: வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை

இணையச் சந்தை ஒன்றில் "128 ஜி.பி. உள்நினைவகம்" என்று விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட கையடக்க மியூசிக் பிளேயர் ஒன்றை என் அப்பாவுக்காக வாங்கினேன். அதில் உண்மையில் இருந்தது 8 ஜி.பி.க்கும் குறைவான இடம்தான். பெட்டியின் மேல் 128 என்று அச்சிட்டிருந்தது, பிளேயரின் "தகவல்" பக்கத்திலும் 128 என்றே இருந்தது, கணினியில் இணைத்தபோது 119 ஜி.பி. என்று காட்டியது. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளாகவும் விண்டோஸ் கணினி 1024-இன் மடங்குகளாகவும் கணக்கிடுவதால், நேர்மையான 128 ஜி.பி. கூட அதில் 119 என்றுதான் தெரியும். ஆக, எந்தப் பக்கம் பார்த்தாலும் பொருள் சரியாகவே தோன்றும்படி இந்த மோசடி அமைந்திருக்கிறது. அது வெளிப்படுவதற்குள் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்துவிடுகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

செல்போன் இருக்கும்போது தனியாக ஒரு பிளேயர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தொடுதிரையில் எதைத் தொட்டோம் என்பது அவருக்குத் தெரிவதில்லை. விரலால் தடவிப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய பொத்தான்கள் வேண்டும், பாட்டின் நடுவே அழைப்பு எதுவும் குறுக்கிடக் கூடாது என்பவைதான் அவருடைய தேவைகள். ஆப்பிள் நிறுவனம் ஐபாட் ஷஃபிள், நானோ ஆகியவற்றை 2017-லும் ஐபாட் டச்சை 2022-லும் நிறுத்திவிட்டது. எளிமையான பொத்தான் பிளேயர் வேண்டுமென்றால் இன்று பெரும்பாலும் பெயர் தெரியாத தயாரிப்புகளின் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. வயதானவர்களும் அவர்களுக்காக வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளும்தான் இந்தச் சந்தையில் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளைக் கோப்புறை கோப்புறையாகப் பிரித்து ஏற்றிக் கொடுத்தேன். அவர் வரிசைப்படிதான் கேட்பார். முதல் சில கோப்புறைகளில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு அப்பால் போனபோது, பாட்டின் பெயர் திரையில் ஓடியது, ஆனால் ஒலி வரவில்லை. ஒரு பாட்டு பாதிவரை ஒலித்து அப்படியே அடங்கியது. அடுத்ததிலிருந்து முழு மௌனம். இதை அவர் என்னிடம் உடனே சொல்லவில்லை. ஒலியளவை முழுவதுமாகக் கூட்டியிருக்கிறார், இயர்போனின் வாயைப் பஞ்சால் துடைத்திருக்கிறார், வேறொரு இயர்போனையும் மாட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள், "காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாமாப்பா?" என்று தயங்கிக்கொண்டே கேட்டார். கண்ணைப் போலவே காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் தனக்குள்ளேயே முடிவு கட்டியிருந்தார். பணம் போனதைக் காட்டிலும், ஒரு முதியவர் தன் உடம்பின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை அந்தப் பொருள் அத்தனை நாள் அரித்துக்கொண்டிருந்தது என்பதே என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

விற்பனையாளருக்கு எழுதினேன். பதில்கள் எல்லாமே மிகப் பணிவான மொழியில், ஆனால் ஒவ்வொன்றும் தாமதமாகவே வந்தன. பிளேயரிலேயே ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள் என்றார்கள். பாட்டுக் கோப்புகள் கெட்டுப்போயிருக்கலாம் என்றார்கள். கேபிளை மாற்றச் சொன்னார்கள். குறையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியபின் அது தெளிவாக இல்லை என்றார்கள். இவற்றில் எதையும் தனியாகப் பார்த்தால் நியாயமான ஆலோசனை போலவே தோன்றும். ஆனால் ஃபார்மட் செய்தால் குறைக்கான சான்று அழிந்துவிடும், மறுபடி ஏற்றியபின் முதல் சில கோப்புறைகள் மீண்டும் நன்றாகவே ஒலிக்கும், அதற்குள் கெடுவில் இன்னும் சில நாட்கள் கரைந்துவிடும். கெடு முடிந்த பிறகு அவர்களிடமிருந்து வந்த செய்தியின் தொனி மாறியது: விலையில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருகிறோம், புகாரை விலக்கிக்கொள்ளுங்கள். அதற்கு நான் இணங்கவில்லை. பங்குத் தொகையைப் பெற்றுக்கொண்டு புகாரை முடித்துவிட்டால் பிறகு எந்த இடத்திலும் முறையிடுவது கடினம் என்பதால், இதே நிலையில் இருக்கும் யாரும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மோசடி எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கண்டுபிடிப்பது எளிது. நினைவகச் சிப்போடு ஒரு கன்ட்ரோலரும் சேர்ந்தே இருக்கும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது அந்தக் கன்ட்ரோலர்தான். கணினி தானாக அளந்து பார்ப்பதில்லை. அந்தக் கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி, 8 ஜி.பி. சிப்பை வைத்துக்கொண்டே 128 என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் கன்ட்ரோலர் "பெற்றுக்கொண்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அப்பால் வரும் பாட்டுகள் எங்கும் எழுதப்படாமலே போய்விடும். இன்னொரு வகைப் போலியில் புதிய பாட்டுகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அப்போது ஒரு பாட்டின் நடுவில் வேறொரு பாட்டு ஒலிக்கத் தொடங்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணை வழக்கமாக நினைவகத்தின் தொடக்கப் பகுதியில் இருக்கும். நான் கோப்புறைகளையெல்லாம் முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு பாட்டுகளை இட்டதால் பெயர்ப் பட்டியலும் உண்மையான இடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால்தான் பெயர்கள் அத்தனையும் திரையில் தெரிந்தன, பாட்டுகள் மட்டும் இல்லை.

நகலெடுத்து முடித்தவுடனே கணினியிலிருந்து ஒரு பாட்டை ஓட்டிப் பார்ப்பது போதாது. கணினி அண்மையில் எழுதியதைத் தன் தற்காலிக நினைவில் வைத்திருந்து அதையே ஒலிக்கச் செய்யக்கூடும். பிளேயரைக் கழற்றி மறுபடி இணைத்தால்தான் உண்மை தெரியும்.

முறையாகச் சோதிப்பதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் காலியிடம் முழுவதையும் தரவால் நிரப்பி, பிறகு அதைத் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கின்றன. பாட்டு எதையும் ஏற்றுவதற்கு முன்பே, பொருள் கைக்கு வந்த அன்றே இதைச் செய்ய வேண்டும். நொடிக்கு 10 எம்.பி. வேகத்தில் எழுதும் பிளேயராக இருந்தால் 128 ஜி.பி.யை நிரப்பவே மூன்றரை மணி நேரம் பிடிக்கும், படிக்கவும் நேரம் ஆகும். ஆகவே இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பது நல்லது. என் பிளேயரில் 8 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவான பகுதி மட்டுமே சரியாகத் திரும்பி வந்தது, எஞ்சியது முழுவதும் பிழை என்று முடிவு வந்தது. அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் பொருளுக்கு நல்ல மதிப்புரைகள் ஏராளமாக இருந்தன. அவை அனைத்தும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நொடிக்கு 320 கிலோபிட் (320 கே.பி.பி.எஸ்.) தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று ஏறத்தாழ 9.6 எம்.பி. இடம் எடுக்கும், அந்தக் கணக்கில் 8 ஜி.பி.க்குள் எண்ணூறு பாட்டுகள் அடங்கிவிடும். 128 கே.பி.பி.எஸ். ஆக இருந்தால் இரண்டாயிரம் பாட்டுகள். இருநூறு முந்நூறு பாட்டுகளை ஏற்றிக் கேட்டு மகிழ்ந்தவர் மனதாரப் பாராட்டித்தான் எழுதுவார். அவருக்குக் குறை தெரிய வாய்ப்பே இல்லை. பெரிய தொகுப்பை ஏற்றுகிறவரும், ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் போன்ற வடிவங்களில் பெரிய கோப்புகளை வைத்திருப்பவரும்தான் எல்லையைத் தொடுகிறார்கள். எனவே மதிப்புரைகளைப் படிக்கும்போது நட்சத்திரங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, "பாதிக்கு மேல் ஓடவில்லை", "பாட்டுகள் காணாமல் போகின்றன" என்று குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் படியுங்கள்.

பெட்டியின் மேல் உயர்தர ஒலிக்கான பொன்னிற முத்திரையும் அச்சிட்டிருந்தார்கள். அத்தகைய உயர்தர ஒலியில், அதாவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், ஒரு ஃபிளாக் கோப்பை இட்டபோது, இந்த வடிவம் ஏற்கப்படாது என்று பிளேயரே சொல்லிவிட்டது. பேட்டரியும் விளம்பரத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்கவில்லை. இவ்வகை மலிவுப் பிளேயர்களில் திரையோ பின்மூடியோ மேலே எழும்பினால் உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் செய்வதை உடனே நிறுத்திவிடுங்கள்.

சந்தைத் தளம் கெடு முடிந்துவிட்டது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. பணம் கார்டு மூலம் செலுத்தியிருந்ததால் வங்கியிடம் முறையிட்டேன். அங்கே காலக் கணக்கு வேறு, விற்பனையாளர் வைத்த கெடு அவர்களைக் கட்டுப்படுத்தாது. 128 ஜி.பி. என்று எழுதியிருந்த விற்பனைப் பக்கத்தின் படம், சோதனை முடிவின் படம், விற்பனையாளருடன் நடந்த எழுத்து உரையாடல் ஆகிய மூன்றையும் இணைத்து, விவரித்தபடி பொருள் இல்லை என்ற வகையில் புகார் கொடுத்தேன். பணம் முழுவதும் திரும்பி வந்தது. விற்பனைப் பக்கத்தை நான் முன்பே படமெடுத்து வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது, ஏனென்றால் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கமே நீக்கப்பட்டுவிட்டது.

அப்பாவுக்கு இப்போது மெமரி கார்டைத் தனியாகப் போடும் வசதியுள்ள பொத்தான் பிளேயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கார்டை வேறிடத்தில் வாங்கி, முழுவதும் சோதித்த பிறகே பாட்டுகளை ஏற்றினேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன, பழைய முறையான ஃபேட்32 மட்டுமே படிக்கத் தெரிந்த பிளேயர்களும் உண்டு. பிளேயர் எந்த அளவுவரை ஏற்கும் என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீக்கப்பட்ட அந்தப் பொருள் இப்போது வேறொரு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. படம் அதே படம்தான், பொத்தான்களின் அமைப்பும் அதேதான், விளக்கத்தில் இருக்கும் எழுத்துப் பிழைகள்கூட மாறவில்லை. 32, 64, 128, 256 என்று நான்கு அளவுகள் கொடுத்திருக்கிறார்கள். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையே விலையில் வேறுபாடு பெயரளவுக்குத்தான் இருக்கிறது. நேர்மையாகச் செய்யப்பட்ட பொருளில் எட்டு மடங்கு நினைவகம் அந்த விலைக்கு வராது. அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றிரவே சோதனையை ஓடவிடுங்கள்.