தொப்பை பெல்ட்டும் இஞ்ச் டேப்பும்: நாலு வாரம் கட்டிப் பார்த்த கதை

நேரமில்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அந்த இரண்டும் பெட்டிக்குள் பெல்ட்டோடு மடித்து வைத்திருந்த உடற்பயிற்சித் தாளுக்கு. பெல்ட்டுக்கு ஒன்றுமில்லை.

பெட்டியின் மேல் "வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறிவைத்துக் கரைக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அந்த "மட்டும்"-இல்தான் நான் விழுந்தேன். எனக்குக் கை கால் எல்லாம் குச்சி, நடுவில் மட்டும் ஒரு பானையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும், அதனால் உடம்பு முழுக்க இளைக்க வேண்டாம், அந்தப் பானை இறங்கினால் போதும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் நான். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

சரி, சாமான் எப்படி? நியோபிரீன் என்கிற ரப்பர் மாதிரித் துணி, இரண்டு ஓரத்திலும் வெல்க்ரோ. தையல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்தால் மேல் விளிம்பு மடங்கி விலாவுக்குக் கீழே குத்தும், உட்கார்ந்தால் உருண்டு ஏறிக்கொள்ளும், வெல்க்ரோவின் ஓரம் தோலில் உரசி இரண்டாம் வாரத்தில் வலது இடுப்பில் ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. வாடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், தினமும் அலசிக் காயப்போடாவிட்டால் வீட்டில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

வியர்வை மட்டும் கொட்டுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரம் கழித்துப் 'பர்ர்' என்று பிரித்தால் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர், சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். பார்க்கிறவனுக்கு உள்ளே என்னவோ உருகி வந்த மாதிரியே இருக்கும். முதல் நாள் நானும் அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். எடை மெஷினில் ஏறினால் அரை கிலோ குறைவு, டேப்பைச் சுற்றினால் 2 சென்டிமீட்டர் குறைவு! அப்புறம் தாகம் எடுத்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன், போன அரை கிலோ கிட்டத்தட்ட அப்படியே திரும்பியிருந்தது. இடுப்புச் சுற்றளவும் சாயங்காலத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இறுக்கிக் கட்டிய இடம் கொஞ்ச நேரம் அமுங்கிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் தெரிவதில்லையா, அதே கதை.

கொழுப்பு உண்மையில் எந்த வழியாக உடம்பை விட்டு வெளியேறுகிறது என்பதை 2014-ல் இரண்டு ஆஸ்திரேலியர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுசாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியே போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அதாவது தொப்பை கரைந்தால் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் போகும், பெல்ட்டில் சொட்டுவது சட்டையை நனைக்கிற சாதாரண வியர்வைதான்.

இனி அந்தப் பயிற்சித் தாள். க்ரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளை மட்டும் தூக்குவது), சிட்-அப் (முழுசாக எழுந்து உட்காருவது), காலைத் தூக்குவது, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது), எல்லாம் வயிற்றுக்கே. நாலு வாரம் ஒரு நாள் விடாமல் செய்தேன், சாப்பாட்டைக் குறைக்கவில்லை (தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது). காலையில் வெறும் வயிற்றில், தொப்புளுக்கு நேராக, மூச்சை விட்டபிறகு டேப் வைத்து அளந்தேன். தொடங்கும்போது 98 சென்டிமீட்டர், நாலு வாரம் கழித்து 97.5. அந்த அரை சென்டிமீட்டர் டேப்பை இழுத்துப் பிடித்த பிழையாகக்கூட இருக்கலாம். ஆனால் 20 வினாடியில் கை கால் நடுங்கிக் கீழே விழுந்தவன் ஒன்றரை நிமிடம் பிளாங்க் நிற்கிறேன், படுக்கையிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறேன். உள்ளே தசை வலுத்திருக்கிறது, மேலே போர்த்தியிருக்கிற மெத்தை மட்டும் அசையவில்லை.

என்னுடைய வயிறுதான் பிடிவாதம் பிடிக்கிறதோ என்று தேடிப் படித்தேன். 1984-ல் 13 பேரை 27 நாள் சிட்-அப் செய்ய வைத்து, ஒவ்வொருவரும் மொத்தம் 5,004 எடுத்த பிறகு வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலும் ஊசியால் கொழுப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு அணுக்கள் (செல்கள்) மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தன. அதற்கு முன்பே, 1971-ல், டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்திருக்கிறார்கள். வருஷக்கணக்காக மட்டை பிடித்த கை பருமனாக இருந்தது, ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் கனத்தில் இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது 2013 ஆய்வு: 12 வாரம் ஒரே ஒரு காலுக்கு மட்டும், ஒரு தடவைக்கு ஆயிரம் முறை அளவில் பயிற்சி கொடுத்தார்கள். கொழுப்பு குறைந்தது, ஆனால் அந்தக் காலில் இல்லை, இடுப்புக்கு மேலே! வேலை செய்தவன் ஒருவன், கூலி வாங்கியவன் வேறொருவன்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. தசை தன் பக்கத்தில் இருக்கிற கொழுப்பை நேரடியாக உறிஞ்சிக்கொள்ள முடியாது. அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறும், உடம்பு முழுக்க உள்ள கொழுப்பு அணுக்கள் கதவைத் திறந்து கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் விடும், தசை அந்தப் பொதுக் குழாயிலிருந்து பிடித்துக்கொள்ளும். எந்த இடத்து அணு சீக்கிரம் திறக்கும், எது அடம்பிடிக்கும் என்பது பரம்பரை, ஆணா பெண்ணா என்பது, வயது, ஹார்மோன் இவற்றின் கையில். பல பெண்களுக்கு இடுப்பும் தொடையும் கடைசியில் இறங்குவது அதனால்தான். போதாததற்கு ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, நூறு சிட்-அப் எடுத்தால் ஐம்பது கலோரி செலவானாலே பெரிய விஷயம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலை செய்கிற தசையை ஒட்டிய கொழுப்பில் ரத்த ஓட்டமும் கொழுப்புச் சிதைவும் கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மைதான், ஆனால் அது மில்லிகிராம் கணக்கு. 2023-ல் 16 ஆண்களை வைத்து நடந்த ஒரு சின்ன ஆய்வில், 10 வாரம் வயிற்றுத் தசைக்கு நீண்ட நேரம் ஏரோபிக் பயிற்சி கொடுத்தவர்களுக்கு, டிரெட்மில்லில் மட்டும் ஓடியவர்களைவிட நடுவுடம்பில் சுமார் 700 கிராம் கூடுதலாகக் குறைந்தது. மொத்தக் கொழுப்பு இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சுவாரசியமான முடிவு, ஆனால் 16 பேர்தானே, இன்னும் பலர் செய்து காட்டட்டும். எப்படியானாலும் அதில் ரப்பர் பெல்ட் எதுவும் கிடையாது.

அப்புறம் பெல்ட்டை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, தட்டில் விழுவதைக் கொஞ்சம் குறைத்து, தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தேன். தாளில் இருந்த பயிற்சிகளை விடவில்லை. பத்து வாரத்தில் 4 கிலோ போயிற்று, இடுப்பு 94-க்கு வந்தது. ஆனால் வரிசை இருக்கிறதே, அதுதான் கொடுமை. முதலில் வற்றியது முகம். கன்னம் ஒட்டி, மோதிரம் விரலில் சுழல ஆரம்பித்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்து முடித்த பிறகுதான் பேன்ட் லூசானது. ஏற்கெனவே குச்சியாக இருந்த கை இன்னும் குச்சியாகிவிட்டது, அதற்குத்தான் இப்போது டம்பெல் தூக்குகிறேன்.

இதற்கு மேலும் பெல்ட் வேண்டும் என்பவர்களுக்கு: ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், உள்ளே பருத்தி பனியன் போட்டுக் கட்டுங்கள், வெயிலிலோ ஓட்டத்திலோ கட்டாதீர்கள், மயக்கம் வரும். மச்சான் போன வாரம் வந்தபோது நாற்காலியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு "இது வேலை செய்யுதா?" என்று ஆசையாகக் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன், தாளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.